பம்புக்குப் போன கோபம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அடியில்தான் வந்து நிற்கிறது. கவனித்திருக்கிறீர்களா? முதலில் சர்க்கரை, அப்புறம் முழங்கால், அப்புறம் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போன், அதற்கப்புறம் நாம் வாங்கிய அடி. எங்கள் பள்ளிக்கூடத் தோழிகள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் இதே கதைதான். ஒருத்திக்குத் தோசைக் கரண்டி. ஒருத்திக்குப் புளியங்குச்சி. ஒருத்தியின் அப்பா இதற்கென்றே சைக்கிள் டியூபை வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். மெடல் வாங்கியதைச் சொல்வது போல ஒவ்வொருத்தியும் சொல்ல, சிரிப்புப் பொம்மையாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"உனக்கு எதால?" என்று என்னைக் கேட்டார்கள். "எதாலயும் இல்ல" என்று போட்டேன். ஒருத்தியும் நம்பவில்லை. "திண்டுக்கல்ல பொறந்துட்டு அடி வாங்காம வளந்தாளாம்ல" என்று கேலி வேறு. அவர்களுக்கு விளக்கி விளக்கி விரல் வலித்துப்போனதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் அத்தா, நீங்கள் அப்பா என்பீர்கள், தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்பும் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் சேர்ந்து ஒரு வாடை வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது அத்தா வீட்டுக்குள் நுழைகிற வாடை, அவ்வளவுதான். பதனிட்டு வரும் தோல்களை வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை.

நான் தவழ்கிற வயதில் பருப்புச் சட்டியை இழுத்துக் கவிழ்த்தேனாம். அம்மா கையை ஓங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அத்தா உள்ளே நுழைந்திருக்கிறார். ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தரையில் சிந்திய பருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம்.

"இன்னைக்கு ஒரு தோலு வந்துச்சு. மாடு உசுரோட இருக்கப்ப எவனோ தார்க்குச்சியாலயே குத்திக் குத்தி ஓட்டிருக்கான். சுண்ணாம்புல போட்டாச்சு, பட்டையில ஊறவச்சாச்சு, எண்ணெயும் தேச்சாச்சு. அந்தத் தடம் மட்டும் போகல. நம்ம பிள்ள மேல அப்படி ஒரு தடத்த நான் பாக்கக் கூடாது."

அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. "நீங்க சொல்லிட்டு ஷாப்புக்குப் போயிருவீக. நாள் முழுக்க இவகூட மல்லுக்கட்டுறவ நானு. கை ஓங்கிருச்சுன்னா அத எங்க கொண்டு போயி எறக்கச் சொல்றீக?"

அத்தா யோசித்துவிட்டு வாசலைக் காட்டினாராம். "அந்தா நிக்குதுல்ல பம்பு. அதுல எறக்கு."

தெருமுனையில் நகராட்சி போட்ட பம்பு அது. கைப்பிடி இரும்பு, பிடித்துப் பிடித்துப் பளபளவென்று இருக்கும். உப்புத் தண்ணீர். குடிக்க ஆகாது, புழங்க ஆகும். கோடையில் கொஞ்ச நேரம் வெறும் காற்றைத்தான் கக்கும், அப்புறம்தான் தண்ணீர் மனசு வைக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். யாருக்குக் கை ஓங்கினாலும் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போய்விட வேண்டும். பெரியவர், சின்னவர் பேதம் கிடையாது. தம்பி பிறந்து, நானும் அவனும் அடித்துக்கொள்கிற வயது வந்ததும் சட்டம் எங்களுக்கும் வந்தது. கைப்பிடியை அழுத்த எனக்குக் கனம் போதாது. எம்பிக் குதித்து, அதிலேயே தொங்கிக்கொண்டு கீழே வருவேன். நாலு தரம் தொங்கியதும் சிரிப்பு வந்துவிடும், எதற்குக் கோபம் என்பதும் மறந்துவிடும்.

திண்டுக்கல் தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்குத் தெரியாததா? தெருவே காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும், கோபமில்லாத கைக்கு அந்தப் பம்பு லேசில் தண்ணீர் தராது. எங்கள் வீட்டில் மட்டும் எப்போதும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. காரணம், என் தம்பி. அவன் பால் சட்டியைத் தட்டிவிட்டால் ஒரு குடம். என் பாடப் புத்தகத்தில் கப்பல் செய்தால் அலுமினிய அண்டா. எதிர்வீட்டு டீச்சரின் வெள்ளைக் கோழியைப் பிடித்துச் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த அன்று, கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியே நிரம்பி வழிந்தது. நீலக் கோழி தெருவில் நடந்து போக, அம்மா பம்படிக்க, தெரு முழுக்க வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்தே தெரு எங்கள் வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்ளும். "என்ன, இன்னிக்குத் தொட்டி தளும்புது? என்ன பண்ணுனான்?" என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், அம்மா தண்ணீர் விற்கிறாள் என்று நினைத்து விலை கேட்டுக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கடலை மிட்டாயை வைத்து, "ஏலே அப்பு, ஒங்கம்மாவ இன்னும் கோவப்படுத்தலையா? எங்க வீட்ல ஏனம் வெளக்கத் தண்ணி இல்லடா" என்று கேட்டாள். அவனும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வந்து, காயப்போட்ட வத்தல் மேலே நடந்து காட்டினான். விஷயம் வெளியே வந்தபோது அம்மா பம்புக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

எங்கள் வீடு சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தாவுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அவர் பம்புக்குப் போக மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். சட்டம் போட்டவருக்கே சட்டம் பொருந்தவில்லை. அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போகிற நாட்களில், ஓர் அடி அடித்துவிட்டாவது பேச மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அடிக்காமல் இருந்தால் மட்டும் போதும் என்று அவர் நினைத்தது தப்புக் கணக்குத்தான். இன்று அவரிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். எதிர்வீட்டு டீச்சர்தான் அங்கே ஒன்றாம் வகுப்பு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற எல்லா அப்பாக்களும் பிள்ளையை முன்னால் தள்ளி, "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிருங்க டீச்சர்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அது அந்தக் காலத்து மரியாதை. சொல்லாவிட்டால் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம். எங்கள் முறை வந்தது. டீச்சர் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.

அத்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "டீச்சர், நான் தோல் ஷாப்புல இருக்கேன். அங்க உரிச்சதே நெறய கெடக்கு. இவன உரிக்காம வச்சுக்கங்க."

டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீலக் கோழிக்காரன் வேறு. "இவன் பெருசானா ஊர்ல ஒரு ரவுடி கூடுவான், பாத்துக்கங்க" என்றார். பாவம், டீச்சர் நல்லவர், அவர் வளர்ந்த விதம் அப்படி. தம்பி ரவுடி ஆகவில்லை. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது மாடியில் ரோஜாச் செடி வைத்துக்கொண்டு அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

அவன் ஒன்றாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில்தான் எல்லாம் நடந்தது. வத்தலக்குண்டில் மாமா புது வீடு கட்டி விருந்து வைத்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன், வாழைக்காய் மண்டிக்காரர், ஜமாத்தில் பெரிய மனிதர். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவள் அத்தா மவுத்தாகிவிட்டதால், அவளை வளர்த்து நிக்காஹ் செய்து கொடுத்தது மாமாதான். சோறு போட்டார், அடித்தும் வளர்த்தார். அவர் வாசலில் செருமினால் போதும், அடுப்படியில் இருக்கும் அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவாள். மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விருந்தில் நெய்ச்சோறு மணக்கிறது, பந்தி நடக்கிறது. மாமாவின் மகன் தால்ச்சாக் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், கால் தடுக்கி ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டை மேல் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டான். மாமாவின் கை ஓங்கிவிட்டது. மாமி அடுப்படி வாசலில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது பந்தியில் உட்கார்ந்திருந்த என் தம்பி எழுந்து போய், நெய்க் கையோடு மாமாவின் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, கை ஓங்கிருச்சு. பம்புக்குப் போங்க."

எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம் என்று அவன் நினைத்திருந்தான். தால்ச்சாவில் நனைந்த பெரியவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பந்தியே சிரித்தது. மாமாவின் கை இறங்கிவிட்டது. மகன் தப்பித்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்ததை மாமா மறக்கத் தயாராக இல்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அம்மாவையும் அத்தாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பயமே இல்லாம வளத்து வச்சிருக்கீக. இன்னிக்கு ஜிப்பாவப் பிடிக்கிறவன் நாளைக்குச் சட்டையப் பிடிப்பான். ஸ்கூல் தொறக்க முன்னாடி நானே வந்து கூட்டிட்டு வாரேன். எங்கிட்ட ஒரு வருசம் இருக்கட்டும், நிமித்தித் தாரேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அத்தாவிடம், "நீங்க வேண்டாம்னு சொல்லிருக்கலாம்ல" என்று அழுதாள். "நான் சொன்னா சண்டையாப் போகும், ஒனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போகும். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அத்தா. அவர் சொன்னது நியாயமா, பயமா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் பாதிதான் தெரிகிறது.

அந்த மே மாதம் தம்பி சேட்டை செய்வதை நிறுத்திவிட்டான். ஒழுங்காக இருந்தால் அனுப்ப மாட்டார்கள் என்று அவனுக்கு எண்ணம். தட்டைக் கழுவினான். என் ஜடையை இழுக்கவில்லை. சிமெண்டுத் தொட்டி வற்றிக் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கடலை மிட்டாயை நீட்டியும் வேண்டாம் என்றுவிட்டான். "ஏண்டா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தெருவே விசாரித்தது. எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

ஒழுக்கம் உதவாது என்று தெரிந்ததும் அவன் வேறு ஏற்பாட்டில் இறங்கினான். தெருப் பையன்கள் எல்லோரும் அடி வாங்கிப் பழகியவர்கள், அவர்களிடம் பாடம் கேட்டான். அவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். கையை நீட்டும்போது உள்ளங்கையைக் குழித்துக்கொள்ள வேண்டும். முதுகில் விழும் என்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் அடிக்கே அழுதுவிட வேண்டும், ரோஷம் காட்டினால் கூடுதலாக விழும். ஒருவன், இரண்டு டிரவுசர் போட்டுக்கொண்டு போ என்றான். நல்ல யோசனை என்று நானும் ஒரு பழைய டிரவுசரைத் தேடிக்கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பி சுவரோரம் நின்று, இடக்கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து, வலக்கையில் இருந்த ஸ்கேலால் தன்னைத்தானே அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் "ஐயோ மாமா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லை. தண்ணீர் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு டீச்சர் பதறி வெளியே வந்தார். "என்னம்மா இது, பையன்தான் இப்பல்லாம் ஒண்ணும் பண்றதில்லையே. யார் மேல கோவம்?"

"எம்மேலதான் டீச்சர்" என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

டீச்சர் கிட்டே வந்தார். கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கூடச் சேர்ந்து அடித்தார்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் மாமா வந்தார். ஒரு கையில் சிறுமலைப் பழச் சீப்பு, இன்னொரு கையில் தம்பிக்குப் புதுச் சட்டை. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் பிரியமில்லாத மனிதர் இல்லை. வாசலில் செருமினார். அம்மா எழுந்து நின்றாள். அத்தா ஷாப்புக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார்.

"பையன் ரெடியா?"

"அண்ணே, பையன அனுப்பல."

"என்னது?"

"அனுப்பலண்ணே. நீங்க அடிப்பீக."

மாமாவுக்கு நம்ப முடியவில்லை. "அடிச்சா என்ன? ஒன்னைய அடிச்சு வளக்கலையா? நீ என்ன கெட்டா போயிட்ட?"

அம்மா தலையை நிமிர்த்தினாள். "கெட்டுப் போகலண்ணே. ஆனா ரெண்டு பிள்ள பெத்த பெறகும் ஒங்க செருமல் கேட்டா பயத்துல தானா எந்திரிச்சு நிக்கிறேன். எம்பிள்ள அவன் மாமாவப் பாத்தா ஓடிப்போயி மடியில ஏறணும். இப்படி அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

உண்மையிலேயே அவன் அங்கேதான் இருந்தான், இரண்டு டிரவுசரோடு.

மாமாவின் கை ஓங்கிவிட்டது. பழக்கம், வேறென்ன. அத்தா ஒரு எட்டு முன்னால் வைத்தார். அம்மா அவரைக் கையால் தடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணைக்கூட மூடவில்லை. அம்மாவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, அம்மா மூலையில் இருந்த பித்தளைக் குடத்தை எடுத்து அந்தக் கைக்கு நேராக நீட்டினாள்.

"இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்குண்ணே."

வாசலில் தெருவே கூடிவிட்டது. இத்தனை பேர் முன்னால் தங்கச்சியை அடிப்பதா, குடத்தை வாங்குவதா என்று மாமாவுக்குத் திண்டாட்டம். வெடுக்கென்று குடத்தைப் பிடுங்கினார். தொப்பியைக் கழற்றி என் கையில் திணித்தார். பம்புக்குப் போய், அதன் கழுத்தைத் திருகுகிறவர் மாதிரி கைப்பிடியைப் பிடித்தார்.

அடித்தார், அடித்தார், அப்படி அடித்தார். குடம் நிரம்பியதும் பக்கத்து வீட்டு அக்கா சத்தமில்லாமல் அதை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு குடம். சேதி பரவி அடுத்த தெருவிலிருந்து அண்டா வந்தது. டீச்சர் வாளியோடு வந்து வரிசையில் நின்றார். மாமா முதலில் இதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது, கோபமும் பாதி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில், "இது யாரு குடம்? தள்ளு தள்ளு, அடுத்தத வையி" என்று அவரே வரிசையை ஒழுங்குபண்ண ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குள் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "ஒங்க தெருப் பொம்பளைக எல்லாஞ் சேந்து என்னைய ஏமாத்திட்டாளுக" என்றார். செத்த நேரம் கழித்து, "கை வலிக்குது புள்ள" என்றார். அம்மா தைலத்தை எடுத்து வந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். கிளம்பும்போது சட்டையை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தனியாகத்தான் பஸ் ஏறினார். தம்பி அன்று மத்தியானமே டீச்சர் வீட்டுக் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த பெருநாளுக்கு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் தனியாக வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. உட்காரும் முன்பே சிரிப்பு. மாமாவுக்கு வீட்டில் கோபம் வந்தால் விறுவிறுவென்று மண்டிக்குப் போய் வாழைத்தார்களை அவரே தூக்கி அடுக்குகிறாராம். "சொமட்டாளுகளுக்கு இப்ப வேலையே இல்லையாம். மொதலாளிக்கு இன்னிக்கு யாரு மேல கோவம்னு கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்களாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் கலகலவென்று சத்தம். பார்த்தால் இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல், அடுக்கடுக்காக.

எனக்கு ஆசை தாங்கவில்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். "அழகா இருக்கு மாமி. நீங்க கண்ணாடி வளையல் போட்டு நான் பாத்ததே இல்லையே?"

"போட்டா ஒடஞ்சு போகும்டி" என்றாள் மாமி. அம்மாவைப் பார்த்தாள். "இப்ப ஒடையிறதில்ல."

உடையாத வளையல் விற்கிற கடை வத்தலக்குண்டில் வந்திருக்கிறது போல என்று நினைத்து, எந்தக் கடை என்று கேட்டேன். அம்மா சட்டென்று மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். அந்த வளையல்களை இத்தனை வருஷமாக உடைத்தது வீட்டு வேலை இல்லை, மாமாவின் கை என்று எனக்குப் புரிந்தபோது எனக்கே நிக்காஹ் ஆகியிருந்தது.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. மாமி ஒரு வளையலைக் கழற்றி என் கையில் ஏற்றினாள். எனக்குப் பெரிது, முழங்கை வரைக்கும் ஓடியது. வாசலுக்கு ஓடிப்போய், கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வேகவேகமாக ஆட்டினேன். உடையவே இல்லை.